பூநாரைக்கும் டைனோசருக்கும் என்ன உறவு?

கேள்வி: தனுஷ்கோடியில் இரை தேடும் பூநாரைகளைக் காட்டி, இவையும் டைனோசர் வழி வந்தவையே என்று என் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். உண்மையா? அதற்கான எலும்புகளைத் தேடி மங்கோலியப் பாலைவனம்வரை போவானேன்? நம் கடற்கரையில் கிடைக்காதா?
– வாசகி, மண்டபம்

பதில்: உண்மைதான். இரண்டு காலில் ஓடிய தெரோபாட் என்னும் டைனோசர் கூட்டத்தில் இன்றும் வாழும் கிளையே பறவைகள் என்பதைத் தொல்லுயிரியலாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். ஜெர்மனியில் 1861 முதல் புதைபடிவமாகக் கிடைத்துவரும் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் ஆதிப்பறவைக்குப் பல்லும் எலும்பு வாலும் உண்டு, இறகும் உண்டு. 1996இல் சீனாவின் லியாவோனிங்கில், பறக்கவே இயலாத, ஆனால் தூவி போர்த்த சைனோசாராப்டெரிக்ஸ் என்னும் டைனோசர் வெளிப்பட்டது. கோழிக்கறியில் நாம் காணும் கவட்டை எலும்பு வெலாசிராப்டர் என்னும் டைனோசருக்கும் இருந்தது.

மங்கோலியாவின் கோபி பாலைவனம் தந்த சான்றையே நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன். 1923இல் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையிலான அமெரிக்கக் குழு அங்கே முட்டைகளைக் கண்டது. அவற்றின் மேல் கிடந்த பல்லில்லா விலங்கு, பிறர் முட்டையைத் திருட வந்தது என்று கருதி, அதற்கு ஓவிராப்டர் (முட்டைத் திருடன்) என்று பெயரிட்டார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து, 1993இல், அதே வகை முட்டையொன்றினுள் அந்த விலங்கின் குடும்பத்தைச் சேர்ந்த கரு காணப்பட்டது; கால்களை மடித்து, கைகளை முட்டைகளின்மேல் விரித்து அடைகாத்த நிலையிலேயே மணலில் புதையுண்ட எலும்புக்கூடும் கிடைத்தது. திருட்டுப் பழி சுமந்தது, தன் முட்டையைக் காத்த பெற்றோராகவே இருந்திருக்க வேண்டும். பறவைகளுக்கே உரியதென்று நாம் எண்ணும் அடைகாத்தல், பறக்காத டைனோசர்களிடமும் இருந்திருக்கிறது.

பாலைவனத்தை நாடுவதற்குக் காரணம், டைனோசர்கள் அங்கே மட்டும் வாழ்ந்தன என்பதன்று. அக்காலப் பாறை, மண்ணும் செடியும் மூடாமல் வெளியே கிடக்க வேண்டும் என்பதுதான். கோபியில் காற்றும் அவ்வப்போது பெய்யும் மழையும் பாறையை அரித்துப் புதிய எலும்புகளை வெளிக்கொணர்கின்றன. ஆகவே தோண்டுவதைவிட, குனிந்த தலையோடு நாள் முழுதும் நடப்பதே அங்கு பெரிய வேலை. கண்ட எலும்பைச் சுற்றியுள்ள பாறையோடு பெயர்த்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த சாக்குத்துணியால் பொதிந்து எடுத்துச் செல்வார்கள்.

மண்டபம், பாம்பன் பக்கம் நம் காலடியில் இருக்கும் பவளப்பாறையும் கடல்மணலும் புவியியல் கணக்கில் மிக இளையவை. பறவையல்லாத டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டதால், அவற்றின் எலும்பை இங்கே தேடிப் பயனில்லை. அரியலூர்ப் பக்கம் அக்காலக் கடற்படிவுப் பாறைகள் உள்ளன. அங்கே கல்லமேட்டில் டைனோசர் எலும்புகளும் கிடைத்துள்ளன. மகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஆனால் எதையும் பெயர்த்தெடுக்க வேண்டாம். எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பில்லாத எலும்பு, ஆய்வாளருக்குப் பெரிதும் பயன்படாது.