புற்றுநோயாளிகளுக்கான உடற்பயிற்சி ஆய்வுகளை எழுதும் முறை: கேள்வி பதில்

இயன்முறை மருத்துவ முதுநிலை மாணவி: மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களுக்கு 12 வாரப் பயிற்சி அளித்தோம். "வாரம் மூன்று நாள் மிதமான ஏரோபிக் பயிற்சி" என்று எழுதியது போதாது என்கிறார் என் வழிகாட்டி. வேறென்ன எழுத வேண்டும், ஐயா?

பதில்: அவர் சொல்வது சரி. அந்த வரியை மட்டும் படிக்கும் வேறு ஊர் இயன்முறை மருத்துவரால் நாளைக் காலை ஒரு நோயாளிக்குக்கூட அதே பயிற்சியைத் தொடங்க முடியாது. நடையா, நிலைமிதிவண்டியா, ஒரு முறைக்கு எத்தனை நிமிடம், "மிதமான" என்பதை இதயத் துடிப்பால் அளந்தீர்களா அல்லது நோயாளி உணரும் சிரமத்தை 6 முதல் 20 வரை எண்ணால் சொல்லும் போர்க் அளவுகோலால் அளந்தீர்களா என்பதெல்லாம் வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்பவர்களிடம் இதயத் துடிப்பு நம்பத்தக்க அளவாக இராது என்பதால், அவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பயிற்சித் திட்டத்தைக் கட்டுரையில் விவரிப்பதற்கென 2016-இல் வெளியான 'செர்ட்' (CERT) வழிகாட்டியின் 16 அம்சங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். கருவி, பயிற்றுநரின் தகுதி, மேற்பார்வை, வீட்டுப் பயிற்சி, தொடக்க நிலையை முடிவு செய்த விதி, பாதக விளைவுகள் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன.

புற்றுநோய்ப் பிரிவு செவிலியர்: கீமோதெரபி நாட்களில் பலர் வருவதில்லை, வந்தாலும் பாதியில் நிறுத்துகிறார்கள். வருகை விழுக்காட்டை மட்டும் தந்தால் போதுமா?

பதில்: போதாது. என் பார்வையில் இத்துறைக் கட்டுரைகளின் மிகப் பெரிய குறை இதுதான். ஒரு கணக்குப் பாருங்கள்: திட்டமிட்டது 36 அமர்வுகள், ஒவ்வொன்றும் 30 நிமிடம், ஆக 1080 நிமிடம். ஒருவர் 30 அமர்வுகளுக்கு வந்தார்; அவற்றில் பத்தில் 15 நிமிடத்தோடு நிறுத்திவிட்டார். வருகை 83 விழுக்காடு. ஆனால் செய்து முடித்த பயிற்சியோ 750 நிமிடம், அதாவது 69 விழுக்காடு. மருந்தின் அளவைக் குறைத்தால் ஏன், எவ்வளவு என்று குறித்து வைக்கிறோமல்லவா? பயிற்சிக்கும் அதே கவனம் வேண்டும். சோர்வா, குமட்டலா, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்ததா, பேருந்து கிடைக்காததா என்று ஒவ்வொரு அமர்விலும் காரணத்தைப் பதிவு செய்யுங்கள். பயன் தெரியாத ஓர் ஆய்வில், பயிற்சி பலிக்கவில்லையா அல்லது பயிற்சியே நடக்கவில்லையா என்பதை அந்தப் பதிவின்றிப் பிரித்தறிய வழியில்லை.

ஆய்வு மாணவர்: இதழ் அனுமதிக்கும் சொல் எண்ணிக்கையில் இவ்வளவும் அடங்காதே?

பதில்: வாரவாரியான அட்டவணையையும் படங்களையும் இணைப்பில் சேர்த்துவிடுங்கள், இதழ்கள் அதை ஏற்கின்றன.

இயன்முறை மருத்துவர்: கையில் நிணநீர் வீக்கம் உள்ளவர்களுக்கு எடைப்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினோம். "படிப்படியாக" என்பதை எப்படி விளக்குவது?

பதில்: ஒரு விதியாக எழுதுங்கள். அமெரிக்காவில் 141 பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான எடைப்பயிற்சி ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. வாரம் இருமுறைப் பயிற்சி. முதல் 13 வாரங்கள் மேற்பார்வை. கையில் அறிகுறி மாறாதிருந்தால் மட்டுமே, இயன்ற மிகச் சிறிய அளவில் எடை கூடும். உச்ச வரம்பு கிடையாது. வீக்கம் உள்ள கை எடை தூக்கவே கூடாது என்ற பழைய அச்சத்தை அந்த ஆய்வால் அசைக்க முடிந்ததற்கு, முடிவோடு விதியும் தெளிவாக இருந்ததே காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

நோயாளியின் மகன்: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்துவிட்டது. உடற்பயிற்சி ஆயுளைக் கூட்டும் என்று 2025-இல் வந்த ஆய்வு சொல்கிறதாம். நடந்தால் போதுமா?

பதில்: 889 பேரிடம் நடந்த 'சேலஞ்ச்' ஆய்வைச் சொல்கிறீர்கள். ஐந்தாண்டுகளில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 விழுக்காடு, மற்றக் குழுவில் 73.9 விழுக்காடு. எந்தப் பயிற்சி என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள். வாரம் மூன்று நான்கு முறை 45 முதல் 60 நிமிடம் விரைந்து நடப்பது ஏறத்தாழ அந்த ஆய்வு வைத்த வாராந்திரப் பயிற்சி இலக்குக்கு ஈடாகும். ஆனால் முதல் ஆறு மாதங்கள் இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பயிற்சி ஆலோசகரை நேரில் சந்தித்தார்கள். அந்தத் துணை மொத்தம் மூன்றாண்டு நீடித்தது. செய்தித்தாள்கள் நடையை மட்டும் எழுதி, இந்தத் துணையை விட்டுவிடுகின்றன. ஆகவே புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்குங்கள். அப்பாவை இரு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து அடுத்த இலக்கைச் சொல்ல ஓர் இயன்முறை மருத்துவரையும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.