செதில்கால் நத்தை: கருப்பா வெள்ளையா என்பதல்ல கேள்வி

ஆழ்கடல் நத்தைகளை இனம் காண்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: செதில்கால் நத்தைக்கு ஒரு படத்தில் கருப்புச் செதில், இன்னொன்றில் வெள்ளைச் செதில். இரண்டும் வேறு வேறு இனமா?

பதில்: ஒரே இனம்தான். அதன் அறிவியல் பெயர் கிரைசோமாலான் ஸ்குவாமிஃபெரம். கருப்பு நத்தை 2001-இல் இந்தியப் பெருங்கடல் தரையிலுள்ள கைரேய் வெந்நீர் ஊற்றில் கிடைத்தது. வெள்ளை 2009-இல் சொலிடேர் ஊற்றில். இரண்டுமே 2,400 மீட்டருக்கும் கீழே. நத்தை தன் செதிலுக்குள் கந்தகத்தைச் சுரக்கிறது. ஊற்று நீரிலிருந்து இரும்பு உள்ளே ஊறி வந்தால், இரண்டும் சேர்ந்து இரும்பு சல்ஃபைடு நுண்துகளாகப் படிந்து கருமை ஏறுகிறது. சொலிடேர் நீரில் இரும்பு மிகக் குறைவு. அதனால் அங்கே செதில் வெளுத்திருக்கிறது. நிறம் நீரைப் பற்றிச் சொல்கிறது, இனத்தைப் பற்றி அல்ல. மரபணுவும் உடலமைப்பும் இதை உறுதி செய்துவிட்டன.

கேள்வி: பிறகு எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் காலை. அதன் பக்கங்களில் கூரை ஓடு வேய்ந்தது போல் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். இன்று வாழும் வேறெந்த நத்தைக்கும் இப்படி இல்லை. அடுத்து ராடுலா என்கிற பல்வரிசை. பெல்டோஸ்பிரிடே குடும்பத்தில் சேர்க்க அது உதவுகிறது. உணவுக்குழாய்ச் சுரப்பி பெருத்து, உணவு தயாரிக்கும் பாக்டீரியாக்களால் நிறைந்திருக்கும். ஆனால் சுரப்பியை மட்டும் வைத்து உறவு சொல்லாதீர்கள். அதே குடும்பத்தின் ஜைகாண்டோபெல்டா என்ற நத்தைக்கும் அப்படியொரு சுரப்பி உண்டு. இரண்டிலும் அது தனித்தனியே தோன்றியது என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

கேள்வி: நம் வலம்புரிச் சங்குக்கு இது சொந்தமா?

பதில்: மிகத் தூரத்துச் சொந்தம். சங்கு நியோகாஸ்ட்ரோபோடா வரிசை, இது நியோம்ஃபலிடா.

கேள்வி: 2001-இல் கண்டதற்கு 2015-இல்தான் பெயரா?

பதில்: பெயர் முன்பே புழங்கியது. முறையான விவரிப்பும் அருங்காட்சியகத்தில் வைத்த மாதிரி உடலும் இல்லாமல் அது செல்லாது. அந்த வேலை 2015-இல் முடிந்தது. பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலைதான் இது. தாமதம் என்று நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: காணொளியைப் பார்த்தே இனத்தைச் சொல்லிவிடலாமா?

பதில்: செதில்கால் நத்தையைச் சொல்லலாம். கைரேயிலேயே வாழும் அல்வினிகான்கா என்ற நத்தையை, ஓட்டின் மேல் முள்மயிர் இருப்பதால், பேரினம் வரைக்கும் சொல்லலாம். அதற்கு மேல் முடியாது. அதன் இனங்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் மரபணுவைப் படித்தே பிரிக்கிறார்கள். காணொளியை மட்டும் பார்த்து இனப்பெயர் எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கேள்வி: சரியான பெயர் வைப்பதால் நத்தைக்கு என்ன லாபம்?

பதில்: பெரிய லாபம். ஓர் இனம் எது, எங்கெல்லாம் வாழ்கிறது என்று தெரிந்தால்தான் அதன் ஆபத்தை மதிப்பிட முடியும். 2019-இல் இந்த நத்தை அழியும் ஆபத்திலுள்ள இனமாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) செம்பட்டியலில் ஏறியது. ஆழ்கடல் சுரங்கத்தைக் காரணம் காட்டிப் பட்டியலில் இடம்பெற்ற முதல் உயிரினம் இதுதான். அப்போது தெரிந்திருந்த வாழிடங்கள் மூன்றே: கைரேய், சொலிடேர், லோங்சி. அவற்றில் கைரேயும் லோங்சியும் கனிம ஆய்வுக்கு உரிமம் தரப்பட்ட பகுதிகளுக்குள் இருக்கின்றன.