கருப்பட்டியில் கலந்த சீனியை செல்போன் கருவி காட்டுமா?

கேள்வி: திசையன்விளையில் கருப்பட்டி மொத்தமாக வாங்கி விற்கிறேன். செல்போனோடு இணைக்கும் சின்னக் கருவியைக் காட்டினால் சீனி எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும் என்கிறார் ஓர் ஏஜெண்ட். வாங்கலாமா?

பதில்: சீனியைக் கண்டுபிடிக்க என்றால் வேண்டாம். அந்தக் கருவி கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதை அளக்கும். கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ் என்ற சர்க்கரை, சீனியும் அதே சுக்ரோஸ்தான். பனையா கரும்பா என்பது இந்த ஒளிக்குத் தெரியாது. நிறத்தையும் மற்றச் சத்துகளையும் வைத்து ஊகிக்கலாம். பதநீரைக் கூடுதலாகக் காய்ச்சினாலே அந்த ஊகம் கெட்டுவிடும்.

ஏஜெண்ட் கறுப்பாக ஒன்று, வெளுப்பாக ஒன்று கொண்டுவந்து வித்தை காட்டுவார். அதற்குக் கண்ணே போதும். நீங்கள் ஒரே வட்டை உடைத்து, மேல்புறம் மூன்று முறை, உள்புறம் மூன்று முறை காட்டச் சொல்லுங்கள். மேல்புறம் காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும், அதனால் ஒரே வட்டிலேயே சீனி சதவீத எண் தாவும். கருவியே இல்லாமல் கேமராவால் அளக்கும் 'ஆப்' என்றால் பேச்சே வேண்டாம். போன் கேமராவில் இந்த ஒளியைத் தடுக்கவே வடிகட்டி வைத்திருக்கிறார்கள். மூல அலைமாலையை (ஒவ்வொரு அலைநீளத்திலும் கருவி அளந்த ஒளியின் பதிவை) உங்களிடம் தராமல் சர்வரில் பூட்டிவைத்து வருடச் சந்தா கேட்டாலும் விலகுங்கள். சந்தா முடிந்தால் கையில் இருப்பது வெறும் டப்பா.

ஈரப்பதம் மட்டும் வேறு கதை, அதை இந்த வகைக் கருவியால் அளக்கலாம். தண்ணீர் 1,450 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே இந்த ஒளியைப் பலமாக உறிஞ்சும். மலிவான கருவிகள் 1,100-க்குள் நின்றுவிடும், அங்கே 970-இல் மெலிதாகத்தான் தெரியும். ஆகவே அலைநீள வரம்பைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சரக்கிலேயே ஐம்பது அறுபது மாதிரிகளைப் பொடித்து, கருவியிலும் காட்டி, ஆய்வகத்தில் வெற்றிட அடுப்பில் 70 டிகிரியில் உலர்த்திய அளவோடு பொருத்த வேண்டும். சாதாரண அடுப்பில் 105 டிகிரி வைத்தால் சர்க்கரை சிதைந்து ஈரம் கூடுதலாகக் காட்டும். தினமும், கருவி ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் வெள்ளைத் தகட்டைத் துடைத்து முதலில் அதை அளக்கவும். பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் அன்றைய கணக்கு முழுதும் தப்பு.

சீனிக்குச் சரியான சோதனை கார்பன் ஐசோடோப்பு விகிதம், அதாவது பனைக்கும் கரும்புக்கும் வேறுபடும் கார்பன் அணு வகைகளின் விகிதம். அது பெரிய ஆய்வக வேலை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, 40-ஆம் பிரிவில் வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளைப் பரிசோதிக்கலாம். ஆனால் வாங்கும்போதே, சோதிக்கப் போகிறேன் என்று விற்பவரிடம் சொல்ல வேண்டுமாம். சொன்ன பிறகு எந்தத் தரகர் சீனி போட்ட வட்டை எடுத்து நீட்டுவார்?