பெயரை மாற்றினால் போதுமா?

கேள்வி: கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் பயிற்சி மையம் நடத்தும் சிறிய தொண்டு நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். பத்தாம் வகுப்பில் சென்ற ஆண்டு 8 பேரில் 4 பேரும், இந்த ஆண்டு 12 பேரில் 9 பேரும் தேர்ச்சி பெற்றனர். ‘தேர்ச்சி 50 விழுக்காட்டிலிருந்து 75 ஆக உயர்வு’ என்று ஆண்டறிக்கையில் எழுதலாமா? குழந்தைத் திருமணத்திலிருந்து மீட்கப்பட்ட ஒரு மாணவியின் கதையையும் பெயரை மாற்றிச் சேர்க்க விரும்புகிறோம். வரைவை இணைத்துள்ளேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் வரைவில் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஊரின் பெயர், வயது 16, தந்தைக்குச் செங்கல் சூளையில் வேலை, முகம் மறைத்த படத்தில் பள்ளிச் சீருடை ஆகிய எல்லாம் அப்படியே இருப்பதால், அந்த ஊரில் யார் படித்தாலும் அது எந்த வீட்டுப் பெண் என்று உடனே சொல்லிவிடுவார்கள். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றை மட்டும் கொண்டே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண இயலும் என்று கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி 2000-இல் கணித்துக் காட்டினார். சிற்றூரில் அவ்வளவுகூடத் தேவையில்லை. மேலும், அம்மாணவி குழந்தைகள் நலக் குழுவின் விசாரணைக்கு வந்தவராக இருந்தால், அவரை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74-இன்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மாணவியின் தாயார் ஒப்புதல் தந்து கையொப்பமிட்டிருக்கிறாரே என்று நீங்கள் எண்ணலாம். இலவச நோட்டுப் புத்தகம் வழங்கிய நாளில், வரிசையில் நின்றவரிடம் அதைப் பெற்றதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மகளின் படிப்பு உங்கள் கையில் இருக்கும்போது அவர் எப்படி மறுப்பார்? அச்சாகப்போவதை முழுவதும் வாசித்துக் காட்டி, மறுத்தாலும் மையத்தில் இடம் உண்டு என்று தெளிவாகச் சொல்லி, சில நாள் அவகாசமும் தந்த பிறகு தாயும் மகளும் தரும் ஒப்புதலையே நான் ஒப்புதல் என்பேன்.

எண்களைப் பொறுத்தவரை, விழுக்காட்டை விட்டுவிட்டு ‘12 பேரில் 9 பேர்’ என்றே எழுதுங்கள். இன்னும் மூன்று பிள்ளைகள் தவறியிருந்தால் அது மறுபடியும் 50 விழுக்காடுதான். ஆண்டுத் தொடக்கத்தில் 15 பேர் சேர்ந்து மூவர் இடையில் நின்றதாகக் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். அவர்கள் ஏன் நின்றார்கள் என்பதையும் அறிக்கையில் சேருங்கள். இரவில் பேருந்து இல்லாததால் பெண் பிள்ளைகளை வீடு வரை நடந்தே கொண்டுவிடும் உங்கள் ஆசிரியை சம்மதித்தால், மாணவியின் கதைக்குப் பதிலாக அவருடைய ஒரு மாலைப் பொழுதை எழுதுங்கள்.