பெயர் மாறி எமலோகம் போய் வந்தாரா அப்பா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. ஐந்து வாரத்துக்கு முன் மாரடைப்பு வந்து, அவசரப் பிரிவிலேயே இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அழுத்தி, ஷாக் கொடுத்துப் பிழைக்க வைத்து, ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து, "ரெண்டு பேர் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒருத்தர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, இவன் இல்ல, வேற ஆளுன்னு திருப்பி அனுப்பிட்டார்" என்கிறார். நெஞ்சை அழுத்திய நர்ஸின் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு இருந்ததாகவும் சொல்கிறார். சாவு பயமே போய்விட்டதாம், மாத்திரை எதற்கு என்று கேட்கிறார். மூளை குழம்பிவிட்டது என்கிறான் அண்ணன். அத்தை, பெயரை மாற்றச் சொல்கிறார். யாரை நம்புவது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: மற்றதை நாளைக்குக்கூடப் பேசிக்கொள்ளலாம். மாத்திரையை இன்றைக்கே பேசுங்கள். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் விரித்து வைத்த உலோக வலை. அதன் கம்பிகள் மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து மூடும்வரை ரத்தத் தட்டணுக்கள் அதில் போய் ஒட்டப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோக்ரெலோ டிகாக்ரெலரோ தருகிறார்கள். மாரடைப்புக்காக வைத்த ஸ்டென்ட் என்றால் இரண்டும் சேர்த்து வழக்கமாக 12 மாதம். ஐந்தாவது வாரத்தில் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே சில வேளை தவறியிருந்தால் இதய மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் வாதாட வேண்டாம். "திருப்பி அனுப்பினவங்க இருக்கச் சொல்லித்தானே அனுப்பினாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் கதைக்குள்ளேயே மாத்திரைக்கு இடம் இருக்கிறது.

அடுத்து, அண்ணனுக்கு. நெதர்லாந்தில் 10 மருத்துவமனைகளில் இதயம் நின்று பிழைத்த 344 பேரை இதய மருத்துவர் பிம் வான் லோமெல் குழு விசாரித்தது. முடிவு 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 62 பேர், அதாவது 18 சதவீதம், இப்படி ஏதோ ஓர் அனுபவத்தைச் சொன்னார்கள். எட்டு ஆண்டு கழித்துக் கேட்டபோதும் அவர்களுக்கு மரண பயம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. ஆக, பயம் போனது பைத்தியத்தின் அடையாளம் இல்லை.

ஐசியூ குழப்பம் வேறு. அதில் காட்சிகள் துண்டு துண்டாக வரும், பகல் இரவு தெரியாது, ஒரு மணி நேரம் தெளிவு, அடுத்த மணி நேரம் பிதற்றல், பிறகு பலருக்கு மறந்தும் போகும். அப்பா சொல்வது கோவையாக, ஒவ்வொரு முறையும் அதே மாதிரி இருந்தால் அது குழப்பமாக இருக்க வாய்ப்பு குறைவு. இப்போதும் அறைக்குள் ஆட்கள் தெரிகிறார்கள் என்றாலோ, கிழமை தெரியவில்லை, காலையில் சாப்பிட்டது நினைவில்லை என்றாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதயம் நின்றபோது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததன் பாதிப்பாக இருக்கலாம்.

பேரேடு விஷயம் சுவாரசியமானது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிசா, அமெரிக்க மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சனுடன் சேர்ந்து வட இந்தியாவில் திரட்டிய 16 அனுபவங்களை 1986இல் வெளியிட்டார். தூதர்கள் கூட்டிப் போவது, கணக்குப் புத்தகத்தோடு ஒருவர், "ஆள் மாறிவிட்டது" என்று திருப்பி அனுப்புவது எல்லாம் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. அமெரிக்கக் கதைகளில் இந்த ஆள்மாறாட்டம் கிடையாது. அங்கே செத்துப்போன உறவினரோ ஒளியோ "உனக்கு இன்னும் வேளை வரவில்லை" என்று அனுப்புவார்கள். அனுபவத்தின் எலும்புக்கூடு ஒன்றாகவும், அதற்கு உடுத்திய துணி ஊருக்கு ஊர் வேறாகவும் இருக்கிறது. எமலோகத்தில் ஓர் அலுவலகம் நடக்கிறது, குமாஸ்தாவும் தப்பு செய்கிறார் என்பதற்கு இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை.

சிவப்புக் கயிறுதான் கடினமான கேள்வி. இதயம் நின்றால் சுமார் 10 நொடியில் நினைவு போகும். அந்த 10 நொடியில் கண் திறந்தே இருந்திருக்கலாம், கைகள் நெஞ்சருகே வந்திருக்கலாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்தும்போது மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் போகிறது. சிலர் அழுத்தும்போதே கண் விழிப்பதும் உண்டு. போதாக்குறைக்கு, அதே நர்ஸ் மறுநாள் ஊசி போட வந்திருக்கலாம். நினைவில் கடிகாரம் கிடையாது. எந்த நிமிடத்தில் பார்த்தது என்று அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

உடலை விட்டு மேலே மிதந்து, நடந்ததையெல்லாம் பார்த்ததாகச் சிலர் சொல்வார்கள். அதைச் சோதிக்கத்தான் மருத்துவர் சாம் பார்னியா குழு, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரியாவில் 15 மருத்துவமனைகளில், மேலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி அலமாரித் தட்டுகளில் படங்களை வைத்தது. 2014இல் வந்த முடிவு: இதயம் நின்றவர்கள் 2,060 பேர், பேட்டிக்குக் கிடைத்தவர்கள் 140 பேர். நடந்ததைப் பார்த்ததாகவும் கேட்டதாகவும் தெளிவாகச் சொன்னவர்கள் 2 பேர். அந்த இருவருக்கும் சிகிச்சை நடந்த இடத்தில் தட்டே இல்லை! எனவே கேள்வி அப்படியே நிற்கிறது. மறுமை உண்டென்றும் இல்லையென்றும் அப்பாவின் அனுபவத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அவர் அனுபவித்தது பொய்யில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

அதை ஒழுங்காகக் கேட்டு வைக்க ஆசையென்றால் அவரோடு தனியாக உட்காருங்கள். போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "வெளிச்சம் தெரிஞ்சுதா?", "பாட்டி வந்தாங்களா?" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள், கேட்டதெல்லாம் நினைவில் சேர்ந்துவிடும். "அப்புறம்?" என்ற ஒரு சொல் போதும். தேதியைக் குறித்து வையுங்கள். பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லச் சொல்லி நச்சரிப்பதையும் நிறுத்துங்கள். பத்தாவது தடவை சொல்லும்போது எமனுக்கு மீசை முளைத்திருக்கும். ராத்திரி அலறி எழுந்தாலோ, அங்கேயே திரும்பப் போக வேண்டும் என்று பேசினாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள், தாமதிக்க வேண்டாம்.

அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்: ஆதாரில் ஒரு பெயர், காப்பீட்டு அட்டையில் ஒரு பெயர் என்றாகிவிட்டால், அடுத்த முறை மருத்துவமனையில் சேர்க்கும்போது கவுன்டரில் இருப்பவர் பேரேட்டைப் புரட்டிவிட்டு "இவர் இல்லை, வேற ஆளு" என்று நிஜமாகவே சொல்வார்.