வாசகர் கேள்வி – பதில்: ஒரு முறைக்கு மேல் படியெடுக்க விடாத புரதங்கள்

கேள்வி: அம்மா அப்பத்துக்குக் கள்ளு விட்டுக் கரைத்து வைக்கும் மா, விடியுமுன் சட்டியின் விளிம்புவரை பொங்கி நிற்கிறது. அதிலுள்ள மதுவக் கலம் பிரியுமுன் அதன் டி.என்.ஏயைப் புரதக் கூட்டுகள் படியெடுக்கின்றன என்று படித்தேன். எந்தப் பகுதியும் விடுபடாமலும், எதுவும் இரண்டு தரம் படியாகாமலும் இருப்பது எவ்வாறு?
— உயர்தர உயிரியல் மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: மாவைப் பொங்கச் செய்வது மதுவம் வெளிவிடும் காபனீரொட்சைட்டு, கலங்களின் பெருக்கம் வேறு கதை. கள்ளிலும் பாணிலும் காணப்படும் மதுவத்துக்கு 16 நிறமூர்த்தங்களும் டி.என்.ஏ ஏணியின் படிகள் போன்ற ஏறத்தாழ 1.2 கோடி மூலச்சோடிகளும் உண்டு. இவ்வளவையும் ஒரு முனையிலிருந்து படியெடுத்தால் நேரம் போதாது என்பதால், சில நூறு தொடக்கப் புள்ளிகளில் வேலை தொடங்குகிறது. அப்புள்ளிகளில் ஆறு புரதங்களாலான ஓ.ஆர்.சி. என்னும் கூட்டு அமர்ந்திருக்கிறது. இதை ஸ்டீபன் பெல், புரூஸ் ஸ்டில்மன் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1992இல் கண்டறிந்தனர்.

உங்கள் கேள்வியின் முடிச்சு இனித்தான் அவிழ்கிறது. படியெடுப்புக்கு முந்திய கட்டத்தில், ஓ.ஆர்.சி. வேறு இரு புரதங்களின் துணையுடன் எம்.சி.எம். எனப்படும், ஒவ்வொன்றும் ஆறு புரதங்களாலான வளையங்கள் இரண்டை, ஒன்றையொன்று பார்த்தபடி, டி.என்.ஏயின் இரட்டை இழையைச் சுற்றிப் பூட்டிவிடுகிறது. பூட்டிய வளையங்கள் உடனே ஓடுவதில்லை; உறங்கிக் கிடக்கின்றன. பிறகு கலத்தில், பிற புரதங்களில் பொசுபேற்றை ஏற்றும் கைனேசு நொதியங்களின் செயற்பாடு உயரும்போது சி.டி.சி.45, ஜின்ஸ் என்னும் துணைப் புரதங்கள் வந்து இணைய, வளையங்கள் விழித்து எதிரெதிர்த் திசைகளில் இழைகளைப் பிரித்துக்கொண்டு செல்கின்றன. வளையத்தை எழுப்பும் அந்நொதியங்களில் ஒன்றான சைக்கிளின் சார்ந்த கைனேசுதான் புதிய வளையம் பூட்டப்படுவதையும் தடுக்கிறது என்பதே இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம்: அது தணியும்வரை, அதாவது கலப்பிரிவு முடியும்வரை, எந்தப் புள்ளிக்கும் மறுவாய்ப்பு இல்லை. ஒரு புள்ளி எழாமற் போனாலும், அயற்புள்ளியிலிருந்து வரும் கவை, அதாவது இழைகள் பிரிந்து படியாகும் முனை, அவ்விடத்தையும் படியெடுத்துவிடும்.

பிரிந்த இழைகளில், புதிய இழையைக் கட்டும் பொலிமரேசு நொதியங்களுள் அல்பா சிறு தொடக்கத் துண்டை இட, எப்சிலன் ஓர் இழையைத் தொடர்ச்சியாகவும் டெல்டா மற்றதைத் துண்டுதுண்டாகவும் நீட்டுகின்றன. மதுவத்தில் அத்துண்டொன்று ஏறத்தாழ 165 நியூக்கிளியோதைட்டு (டி.என்.ஏ இழையின் அலகு) நீளமே. பின்னர் அவை ஒட்டப்படுகின்றன. 2015இல் ஆய்வாளர் ஜோன் டிஃப்ளியின் குழுவினர் தூய்மைப்படுத்திய மதுவப் புரதங்களை மட்டும் சோதனைக் குழாயில் சேர்த்து, கலமே இல்லாமல் இப்படியெடுப்பைத் தொடங்கிக் காட்டினர்.