வாசகர் கேள்வி: தரை வழியே வரும் வெளிநாட்டு விருந்தாளிகளும் சி படிவமும்

ஆனைமலைப் பக்கம் தோப்புக்குள் இருக்கும் எங்கள் சாளையில் இரண்டு அறைகளை விருந்தாளிகளுக்கு விடுகிறோம். நேபாளம் வழியாகச் சைக்கிளில் வரும் ஒரு ஜெர்மன் தம்பதி அடுத்த மாதம் தங்கக் கேட்டிருக்கிறார்கள். சி படிவம் ஹோட்டல்காரர்களுக்கு மட்டும்தானுங்களே?
— வாசகர், பொள்ளாச்சி

இல்லைங்க. ஹோட்டல், லாட்ஜ், சத்திரம், ஆஸ்பத்திரி, கல்லூரி விடுதி, தனி வீடு என எதுவானாலும், வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரத்தைச் சி படிவத்தில் அரசுக்குக் கொடுத்தாக வேண்டும். 1946-ஆம் வருடத்து வெளிநாட்டவர் சட்டம் போய் 2025 செப்டம்பர் 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. அந்த 24 மணி நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த மாதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் (எஃப்.ஆர்.ஆர்.ஓ.) இணையதளத்தில் சி படிவப் பகுதிக்குப் போய், உங்கள் இடத்தின் பெயர், முகவரி, உரிமையாளர் விவரம் கொடுத்து முதலில் கணக்குத் தொடங்க வேண்டும். அதிகாரிகள் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் படிவத்தையே நிரப்ப முடியும். விருந்தாளி வாசலில் சைக்கிளைச் சாய்த்த பிறகு இதை ஆரம்பித்தால் 24 மணி நேரம் போதாது. ஒப்புதல் வரத் தாமதமானால் உள்ளூர் காவல் நிலையத்தில் பாஸ்போர்ட், விசா நகலோடு எழுதிக் கொடுத்து, கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பதி என்றாலும் ஆளுக்கு ஒரு படிவம். தப்பு நடப்பது பெரும்பாலும் தேதிகளில்தான். இந்தியாவுக்குள் நுழைந்த தேதி வேறு, உங்கள் வீட்டுக்கு வந்த தேதி வேறு. விமானத்தில் வருபவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் பழக்கத்தில் ஒரே தேதியைப் போட்டுவிடுகிறார்கள். சைக்கிள்காரருக்கு இடையில் இரண்டு மாதம் இருக்கும். பாஸ்போர்ட்டில் குத்திய நுழைவு முத்திரையைப் பார்த்து எழுதுங்கள், வாய்மொழியை நம்ப வேண்டாம். குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறுவது அடுத்த தப்பு. பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் கடைசி இரண்டு வரியில் உள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டால் சரியாகிவிடும். அமெரிக்கர்கள் கையால் எழுதித் தரும் தேதியில் மாதம்தான் முன்னால் வரும், அதையும் கவனியுங்கள். அனுப்பியதும் வரும் விண்ணப்ப எண்ணோடு ஒரு பிரிண்ட் எடுத்து விருந்தாளியிடமும் கொடுங்கள்.

முத்திரையே இல்லையென்றால்? சோனௌலி போன்ற நேபாள எல்லைகளில் நம்மவர்களும் நேபாளிகளும் தடையில்லாமல் நடந்து போவார்கள். குடியேற்ற அலுவலகம் கடைவீதிக் கட்டடங்களோடு கலந்து கிடப்பதால், கூட்டத்தோடு சேர்ந்து அதைத் தாண்டி வந்துவிடும் வெளிநாட்டவரும் உண்டு. அப்படிப்பட்டவரைத் தங்க வைக்கும் முன் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

எல்லையில் இணைய வழி வருகை அட்டையை நிரப்பியாயிற்று, இனி சி படிவம் வேண்டாம் என்கிறாரே எங்கள் விருந்தாளி?
— வாசகி, ஈரோடு

2025 அக்டோபர் 1 முதல் வந்த அந்த அட்டை நாட்டுக்குள் நுழைவதற்கு மட்டும். சி படிவம் தங்கும் இடத்துக்கு. நேற்று ஆசனூர் லாட்ஜில் போட்டிருந்தாலும் இன்று உங்கள் வீட்டுக்குத் தனியாகப் போட வேண்டும்.

எங்கள் பனியன் கம்பெனிக்கு ஓராண்டு வேலை விசாவில் ஒருவர் வருகிறார். மோட்டார் சைக்கிளில் நேபாள எல்லை தாண்டி, ஊர் சுற்றிவிட்டு இருபது நாளில் திருப்பூர் சேருவாராம். எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் அவர் பதிவு செய்துகொள்ள 14 நாள் அவகாசம் இருக்கிறதல்லவா?
— வாசகர், திருப்பூர்

அந்த 14 நாள் அவர் இந்தியாவுக்குள் கால் வைத்த நாளிலிருந்து ஓடும். அவர் திருப்பூர் வருவதற்குள் கெடு முடிந்து, தாமதத்துக்குத் தண்டம் கட்ட வேண்டியிருக்கும். ஊர் சுற்றுவதைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நேராகத் திருப்பூர் வந்து, தங்கும் இடத்தின் சி படிவம், பாஸ்போர்ட், விசா, நுழைவு முத்திரைப் பக்கம், புகைப்படம், வேலை ஒப்பந்தம், கம்பெனிக் கடிதம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில் விண்ணப்பிக்கலாம். சென்னைக்கு ஓட வேண்டாம், கூப்பிட்டால் மட்டும் போனால் போதும்.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவுக்குத்தான் இந்தப் பதிவு. ஐந்து வருடச் சுற்றுலா விசாவில் ஒவ்வொரு தங்கலும் 180 நாளைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருந்து, அதற்குள் அவர் கிளம்பிவிட்டால் பதிவு தேவையில்லை.

வேனிலேயே படுத்துக்கொள்ளும் பயணிகள் மேட்டுப்பாளையத்தில் எங்கள் காலி இடத்தில் நிறுத்தக் கேட்கிறார்கள். படிவம் யார் போடுவது?
— வாசகர், காரமடை

வாடகை வாங்கி, குளியலறையும் கொடுத்தால் உங்கள் இடத்தைத் தங்குமிடமாகக் கருதிப் போட்டுவிடுவதே என் யோசனை. ஓரிரவு சும்மா நிறுத்தினால் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நஷ்டம் அதிகம் அந்தப் பயணிக்குத்தான். விசா நீட்டிக்கவும், பாஸ்போர்ட் தொலைந்து வெளியேறும் அனுமதி கேட்கவும் சி படிவம் கேட்பார்கள். வாரக்கணக்கில் வேனில் தூங்கியவரிடம் ஒன்றுகூட இருக்காது. விண்ணப்பிக்கும் முன் முறையாகப் படிவம் போடும் லாட்ஜ் ஒன்றில் தங்கச் சொல்லுங்கள்.

கார்னே அட்டையில் (வண்டியை வரி கட்டாமல் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுவர உதவும் சுங்க ஆவணம்) வந்த பைக்கை நண்பர் என்னிடம் விட்டுவிட்டுப் போகலாமா?
— வாசகர், கோவை

நிறுத்தி வைக்கலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சுங்கத் துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டவும் கூடாது, விற்கவும் கூடாது. ஆறு மாதத்துக்குள் வண்டி நாட்டை விட்டுப் போக வேண்டும். போகும்போது கார்னேயில் வெளியேறிய முத்திரை விழவில்லை என்றால், அவர் தன் ஊரில் கட்டிய ஜாமீன் தொகையைத் திரும்பப் பெறுவது கடினம்.